சேனைக்கிழங்கும் டச்சுக் கப்பித்தானும்

எங்கள் பக்கம் கல்யாணத்தின் ருசியெல்லாம் முந்தின ராத்திரி காய் வெட்டுவதில்தான் இருக்கிறது, மறுநாள் நடப்பது போட்டோவுக்காக. போன மாதம் தக்கலைப் பக்கம் சித்தி மகளுக்குக் கல்யாணம். பந்தலில் பாய் விரித்து இருபது பேர் கத்தியும் அருவாமணையுமாக உட்கார்ந்து, அவியலுக்குத் தடியங்காய் (வெள்ளைப் பூசணி), தொவரனுக்கு முட்டைக்கோஸ், உப்பேரிக்கு ஏத்தங்காய் என்று வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறோம். மூலையில் ஒரு சாக்கு சேனைக்கிழங்கு மட்டும் தொடுவாரில்லாமல் கிடக்கிறது. அதை வெட்டினால் கை அரிக்கும் என்பது தெரியாதவர்கள் அந்தப் பந்தலில் யாருமில்லை.

அப்போதுதான் அக்கா மகன், காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன், ஒரு விளையாட்டைக் கிளப்பினான். சரித்திரத்தில் இருக்கிற யாராவது ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவரிலிருந்து விஜய் வரைக்கும் சங்கிலி போட வேண்டும். சங்கிலியில் அடுத்தடுத்து வருகிறவர்கள் ஒருவரோடொருவர் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்து நடித்திருக்க வேண்டும். ஆறு கண்ணிக்குள் முடிய வேண்டும். பெயர் சொன்னவனே முடிக்கவும் வேண்டும், முடியாதவன் சேனை வெட்ட வேண்டும். அமெரிக்காவில் காலேஜ் பையன்கள் கெவின் பேக்கன் என்ற நடிகரை வைத்து 1994இல் தொடங்கினதாம் இது. அங்கே தோற்றவனுக்குச் சேனை உண்டா என்று கேட்டேன், முறைத்தான்.

முதல் சங்கிலியும் அவனே போட்டான். நம்ம ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணர் 1952இல் இயக்கி நடித்த 'பணம்' படத்தில் சிவாஜி, சிவாஜியோடு 1997இல் 'ஒன்ஸ் மோர்' படத்தில் விஜய். இரண்டே கண்ணி. அடுத்து அத்தை, கையில் முருங்கைக்காயோடு, காந்தி என்றாள். காந்தி கேட்டு 'ஹரி தும் ஹரோ' பாடிக் கொடுத்தவர் எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.எஸ். நடித்த 'சகுந்தலை'யில் கலைவாணரும் உண்டு, அதற்கப்புறம் பையன் போட்ட அதே பாதை. அத்தை சினிமாவே பார்ப்பதில்லை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

மைனி விவேகானந்தரைப் பிடித்தாள். சிகாகோவுக்குப் போகச் சொல்லி அவரை ஊக்கப்படுத்தியவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. சரி. "சேதுபதிக்க அப்புறம் விஜய் சேதுபதி, 'மாஸ்டர்'ல ரெண்டு விஜயும் உண்டு, முடிஞ்சு" என்று கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். பந்தலே சிரித்தது. பஞ்சாயத்துக்குச் சமையல்காரர் தவசிப்பிள்ளையைக் கூப்பிட்டோம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பேரு ஒத்துப் போச்சுல்லா, விடு" என்றார். அவருக்குச் சீக்கிரம் காய் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன், அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும்.

என் முறை வந்தது. நான் கொஞ்சம் பெரிய ஆள் என்று காட்ட நினைத்து டி லனாய் என்றேன். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறதே, அந்த டச்சுக்காரர். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அதே மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கி, 1777இல் செத்து இங்கேயே புதைக்கப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றாலே அந்தக் கல்லறைக்குத்தான் எங்களைக் கூட்டிப் போவார்கள்.

எல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். டி லனாயிலிருந்து மார்த்தாண்ட வர்மா, அவர் இருந்தது பத்மநாபபுரம் அரண்மனை, 'மணிச்சித்ரத்தாழ்' படம் எடுத்தது அதே அரண்மனையில், அந்தப் படத்தில் மோகன்லால், மோகன்லாலோடு 'ஜில்லா'வில் விஜய். அழகாக வந்து நின்றது. (அரண்மனை நம்ம ஜில்லாவில் இருந்தாலும் சாவி கேரள அரசிடம் இருக்கிறது, அது தனிச் சங்கிலி.)

"மாமா, அரண்மனை ஆளில்ல, கட்டடம். கட்டடம் யார்கிட்டயும் பழகாது" என்றான் அக்கா மகன். தவசிப்பிள்ளையும், "அது செரிதான, மார்த்தாண்ட வர்மாவும் மோகன்லாலும் நேர்ல பாத்தாவளா?" என்றார். அப்போ விவேகானந்தர் விஜய் சேதுபதியை நேரில் பார்த்தாரா என்று கத்தினேன். காதில் விழாத மாதிரி கரண்டியைத் தட்டினார்.

இந்த இடத்தில் தாய்மாமா தொண்டையைச் செருமினார். பழைய காசு சேர்க்கிறவர், பேசுவது குறைவு, பேசினால் எனக்கு எதிராகத்தான் இருக்கும். மடியில் இருந்த தடியங்காயைத் திருப்பி வைத்து, கத்தி முனையால் அதன் தோலில் ஆங்கிலத்தில் பெரிதாக ஒரு வி எழுதினார். அதன் இடது கால் மேல் ஒரு ஓ, வலது கால் மேல் ஒரு சி. வெள்ளைப் பொடி விலகிப் பச்சை பளிச்சென்று தெரிந்தது.

"டி லனாய்க்குச் சம்பளம் குடுத்த டச்சுக் கம்பெனிக்க முத்திரை இதாக்கும். செப்புக்காசுல எல்லாம் இருக்கும். என்ன எழுத்து?"

"வி.ஓ.சி."

"வ.உ.சி.யா யாரு நடிச்சா?"

1961, 'கப்பலோட்டிய தமிழன்', சிவாஜி. அங்கிருந்து 'ஒன்ஸ் மோர்' விஜய். டி லனாயிலிருந்து மூன்றே கண்ணியில் வந்து சேர்ந்துவிட்டார்.

இது அநியாயம், இனிஷியல் ஒத்துப்போனால் சொந்தமாகிவிடுமா என்று நான் குதித்தேன். மாமா அசையவில்லை. "அவனுவளும் கப்பல் கம்பெனி, சிதம்பரம் பிள்ளையும் 1906ல ஆரம்பிச்சது கப்பல் கம்பெனி. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும், ஜாதகமா?" மைனி சேதுபதியைச் சாட்சிக்கு இழுத்தாள். தவசிப்பிள்ளை மணியைப் பார்த்தார், பதினொன்று தாண்டியிருந்தது. "மாமா ஜெயிச்சாச்சு. தம்பி, எரிசேரிக்குச் சேனை வேணும், கேட்டியா."

ஒரு சாக்கு. கையில் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கிழங்கு வரை ஒன்றுமில்லை, இரண்டாவதில் விரலிடுக்கில் எறும்பு ஊர்கிற மாதிரி தொடங்கியது, ஐந்தாவதில் முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. பையன் பாவப்பட்டுப் புளி கரைத்துக் கொண்டுவந்து கையில் ஊற்றினான். மாமா வெற்றிலை மடித்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "வெசனப்படாத மக்கா. டி லனாயும் தோத்த பொறவு ஜெயிச்சவனுக்குத்தான வேலை பாத்தான்."

மறுநாள் தாலி கட்டும் நேரம் எல்லோரும் அட்சதை போட, நான் மட்டும் வலது கையால் இடது கையைச் சொறிந்துகொண்டு நிற்பது ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு வந்திருக்கிறது. பந்தியில் மாமா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எரிசேரி வாளியோடு வந்தவனை நிறுத்தி என் இலையைக் காட்டினார்.

"லேய், வலிய கப்பித்தானுக்கு இன்னொரு கரண்டி வை."