பத்தே முக்கால் ஷோ

"டிமாண்ட் இருந்தா ஷோ தானா ஏறும் தம்பி."

நான் சொன்னது இவ்வளவுதான். ஆறு வார்த்தை. மூன்று வருடம் ஆகியும் அது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் ஒரு மல்டிபிளக்ஸின் மேனேஜர். ஒரு வியாழக்கிழமை மாலை, அடுத்த வாரத்துக்கு எந்தப் படத்துக்கு எந்த ஷோ என்று பிரித்துக்கொண்டிருந்தேன். சின்னப் படம் ஒன்றின் இயக்குநர் பார்க்க வந்திருந்தார். அவர் படத்துக்கு நான் ஒதுக்கியது ஒரே காட்சி, காலை 10.45. "ஈவினிங் ஒண்ணு குடுங்க சார், ஒண்ணே ஒண்ணு" என்றார். அதற்குத்தான் அந்தப் பதில். அவர் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு உங்க வீட்ல யாராச்சும் படத்துக்குப் போவாங்களா சார்?" என்றார். கிண்டலாகத் தெரியவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. நான் சிரித்து மழுப்பினேன்.

பதினோரு பேர் வந்தார்கள். திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டேன்.

என் பக்கமும் இருக்கிறது. அதே வாரம் பெரிய நடிகர் படம். எல்லாத் திரையிலும் அதைப் போட்டாலும் நிரம்பும். கரண்ட், ஆள், வாடகை எல்லாவற்றையும் நான்தான் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். டிக்கெட்டைவிட பாப்கார்னில்தான் லாபம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு பேர் எத்தனை பாப்கார்ன் வாங்குவார்கள்?

ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது நான் நம்பியது வேறு. 1997இல் டெல்லி சாகேத்தில் மல்டிபிளக்ஸ் வந்தது, அடுத்த வருடமே மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக அறிவித்தது, அப்புறம் மாநிலங்கள் மல்டிபிளக்ஸ் கட்டுபவர்களுக்குக் கேளிக்கை வரிச் சலுகை கொடுத்தன. சந்தையைத் திறந்துவிட்டால் சின்னப் படத்துக்கும் இடம் கிடைக்கும், ஆயிரம் சீட்டில் ஓடாதது இருநூறு சீட்டில் ஓடும் என்றார்கள். புதிதாக வந்த பையன்களுக்கு நானே இதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச காலம் அது பொய்யாகவும் இல்லை.

பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் கதை மாறியது. பிரிண்டுக்குக் காசு கொடுத்த காலத்தில் பெரிய படமும் எண்ணி எண்ணித்தான் பெட்டி அனுப்பும். இப்போது கீ, அதாவது படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, அனுப்பினால் ஆறு திரையும் அதற்கே. சின்னத் தயாரிப்பாளருக்கோ, டிஜிட்டலில் திரையிடும் கம்பெனிகளுக்குக் கட்டும் கட்டணம் தனிச் சுமை. 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படமே விடாமல் நின்றது இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான்.

சட்டம் போட்டால் சரியாகுமா? மகாராஷ்டிரத்தில் 2015இல் மல்டிபிளக்ஸ்கள் மாலை ஆறு முதல் ஒன்பதுக்குள் மராத்திப் படம் போட வேண்டும் என்றார்கள். சத்தம் கிளம்பியதும் மதியம் பன்னிரண்டு முதல் ஒன்பது என்று தளர்த்திவிட்டார்கள். தென் கொரியாவில் உள்ளூர்ப் படத்துக்கு வருடத்தில் 146 நாள் ஒதுக்கீடு இருந்தது. அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேசுவதற்காக 2006இல் அதை 73 நாளாகக் குறைத்தார்கள். இயக்குநர்களும் நடிகர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் கொரிய சினிமா அழிந்துவிடவில்லை. பெரிய கொரியப் படமே திரைகளை அள்ளிக்கொண்டு போகிறது என்ற புலம்பல்தான் அங்கே மிஞ்சியது. நம் ஊரிலும் தமிழுக்கு ஒதுக்கீடு வைத்தால் அதை நிரப்பப்போவது அந்தப் பெரிய நடிகர் படம்தானே. அதுவும் தமிழ்தான்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு என்னை நானே விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை. அந்த பதினோரு பேரை டிமாண்ட் என்று நான் எழுதியது பொய்க்கணக்கு. பந்தியில் உட்காரவே விடாமல், பசியில்லை என்று எழுதிக்கொண்டேன்.

போன வருடம் வேறொரு சின்னப் படத்துக்கு மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஆறரை மணிக் காட்சி வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தே முக்காலுக்கு வந்ததைவிடக் குறைவு. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அது இன்னும் கூச்சமாக இருக்கிறது. அந்தப் படத்துக்கு ஊரில் ஒரு போஸ்டர்கூட ஒட்டவில்லை என்பது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

பத்தே முக்கால் ஷோ இயக்குநரின் நம்பர் என் போனில் இருக்கிறது. அவசரத்தில் பெயர் போடாமல் '10.45' என்று சேமித்தது. இன்னும் மாற்றவில்லை.