விண்ணப்பக் காலக் குறிப்புகள்

அக்டோபர் 24, 2025

பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவி வந்திருந்தாள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பாடிய குஜிலிப் பதிப்புகள், அதாவது மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள்தான் அவள் எடுத்திருக்கும் பொருள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் எடுத்த குறிப்பேட்டைக் காட்டினாள். பாட்டில் அரிசி விலை வரும் இடங்களை மட்டும் தனிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். முதுகலையிலேயே இப்படி ஒரு கண் வாய்ப்பது அபூர்வம்.

அவளுடைய பட்டியலில் சிகாகோவும் ஹார்வர்டும் இருந்தன. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் பாடம் சொன்ன சிகாகோவில், அடுத்த ஆண்டு கலைப்புலத் துறைகள் பெரும்பாலானவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையே இல்லை. ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள். ஹார்வர்டில் கலைப்புல இடங்களில் சுமார் 60 சதவீதம் வெட்டு என்று இந்த வாரம்தான் செய்தி வந்தது. அவள் இரண்டையும் அறிந்திருக்கவில்லை.

அக்டோபர் 30

"மேடம், ஆள் குறைந்தால் அவர்களுக்கும் நஷ்டம்தானே?" என்று கேட்டாள். இல்லை. முதுகலை மாணவர் கட்டணம் கட்டுகிறார். முனைவர் பட்ட மாணவருக்கோ பல்கலைக்கழகம் ஐந்தாறு ஆண்டு சோறு போட வேண்டும். அறிவியல் மாணவர் பலருக்குப் பேராசிரியரின் ஆய்வுத் திட்டப் பணம் உதவும். வரலாறு, இலக்கியம் படிப்பவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்தான். பங்குச் சந்தை சரிந்தால், பல்கலைக்கழகம் முதலீடு செய்து வைத்திருக்கும் அறக்கட்டளை நிதி சரியும். நிதி சரிந்தால் இடம் போகும். 2008 நெருக்கடியை அடுத்து ஹார்வர்டின் நிதி ஒரே ஆண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. வேலை கிடைக்காதவர்களும் படிக்கலாமே என்று அப்போதுதான் வரிசையில் வந்து நின்றார்கள்! கொரோனா ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட துறைகள் கதவைச் சாத்தின.

இம்முறை சந்தை விழவில்லை. அமெரிக்க அரசு தன் ஆய்வு நிதியைப் பிடித்துவைக்கிறது. பல்கலைக்கழகங்களின் பெரிய அறக்கட்டளை நிதிகளின் வருமானத்துக்கு 1.4 சதவீதமாக இருந்த வரி 8 வரை ஏறுகிறது. ஆய்வுத் திட்டப் பணமே ஆட்டம் கண்டிருப்பதால் ஹார்வர்டில் அறிவியலுக்கு வெட்டு இன்னும் அதிகம். அதில் எனக்கு ஆறுதல் ஒன்றுமில்லை.

நவம்பர் 11

"பேசாமல் பி.எட். படிக்கச் சொல்லுங்கள்" என்றார் சக ஆசிரியர். அவர் மகன் டெக்சாஸில் இருக்கிறான். பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 4

டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. அவள் பட்டியலில் மிஞ்சிய ஓரிடத்தில் விண்ணப்பக் கட்டணமும் 90 டாலர். ஆக, ஒரு விண்ணப்பம் 8,100 ரூபாய். இங்கே மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தகுதி இல்லாத ஆய்வாளருக்கு மாத உதவித்தொகை 8,000; ஆண்டுகள் பல ஆகியும் அதே 8,000. நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 37,000. அதனால்தான் நெட்டுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தேன், செய்துவிட்டாள்.

மாலையில் அவள் அப்பா தொலைபேசியில் அழைத்தார். தங்கசாலைப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவர். "இடமே இல்லை என்று பிறகு சொன்னால், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களா மேடம்?"

தரமாட்டார்கள் என்றேன்.

"அப்படியானால் ஒன்று போதும்" என்றார். பின்னாலிருந்து "இரண்டு" என்று அவள் குரல் கேட்டது. கட்டண விலக்கு கேட்டு இரண்டாவது துறைக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். கடைசித் தேதி 15.