குன்னூரில் காப்பர்பேண்ட்: மார்கழி முதல் ஆனி வரை

பவளத் தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் மேல் ஒரு கண் இருக்கும். வெள்ளி உடம்பு, அதில் ஆரஞ்சுப் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்கோடியில் பொய்க்கண்ணாக ஒரு கரும்பொட்டு, பாறை இடுக்கில் நுழைத்துப் புழுவைக் கொத்தி எடுப்பதற்கென்றே நீண்டு மெலிந்த மூக்கு. வாங்கியவர்களிடம் கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். வந்த நாளிலிருந்து இரை தொடவில்லை, மெலிந்தே போய்விட்டது என்பார்கள். அதனால் தொட்டி தயாரான பிறகும் நான் அவசரப்படவில்லை. மீன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அதன் இரை வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 20 செ.மீ. வரை வளரும் மீனுக்கு இதைவிடச் சின்னதாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதனால் அவற்றை நான் வைக்கவில்லை. என்னிடம் இருப்பது செயற்கைக் கல், பவளத்தின் மென்மையான உறவினங்களான மஷ்ரூம்கள், ஜோவாக்கள், கொஞ்சம் விசிறிப் புழுக்கள். விசிறிப் புழுக்களை இந்த மீன் தின்றுவிடும் என்று தெரிந்தே விட்டிருந்தேன்.

மலையில் கடல் தொட்டி வைப்பதில் ஒரு வசதி உண்டு. சமவெளியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது, இங்கே ஹீட்டர் போதும். இரண்டு ஹீட்டர்களை ஒரு தனித் தெர்மோஸ்டாட்டில் மாட்டி 25.5 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். சிக்கல் காற்றில்தான் இருக்கிறது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். கடல்மட்டத்தில் 25 டிகிரி உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரை ஏற்கும் என்றால், இங்கே 5.4-ஐத் தாண்டாது. பட்டாம்பூச்சி மீன் மூச்சுத் திணறலைத் தாங்கும் ரகம் அல்ல. ஆகவே நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர்கள் இரண்டையும் மேல்மட்டத்தைக் கலக்கும்படி திருப்பிவைத்தேன். தொட்டியின் அளவுக்குச் சொல்லப்படுவதைவிட ஒரு படி பெரிய ஸ்கிம்மர் (காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) வாங்கினேன்.

இன்னொன்று, குளிருக்குப் பயந்து நாம் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். ஆட்கள் விடும் மூச்சும் சமையல் அடுப்பும் சேர்ந்து வீட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது தண்ணீரில் கரைந்து பிஎச்-ஐ இறக்கும். மார்கழி முழுக்கக் காலையில் அளந்தால் 7.8-தான் காட்டியது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு வெளியே விட்டேன். அதன் பிறகு 8.1-க்குக் கீழே இறங்கவில்லை. கெமிக்கல் எதுவும் ஊற்றவில்லை. மலைவாசிகள் யார் தொட்டி வைத்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்தது இரை. சம்ப்பில், அதாவது தொட்டிக்குத் துணையாக இருக்கும் வடிகட்டும் தொட்டியில், ஒரு அறையைத் தடுத்துக் கீட்டோ என்ற பாசி வளர்த்து, அதில் கோபிபாடுகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளைப் பெருக விட்டேன். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டை பொரிய 28 டிகிரி வேண்டும், எங்கள் கூடத்தில் விடியற்காலை 13-தான். பொரிக்கும் பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த வாளியில் நிறுத்தி, வாளிக்குள் ஒரு சின்ன ஹீட்டர் போட்டேன். பொரித்த குஞ்சுகளைப் நுண்பாசி நிறைந்த பச்சைத் தண்ணீரில் விட்டு முழு வளர்ச்சி வரை கொண்டுவந்தேன். புதிதாக வந்த மீனின் கண்ணை இழுப்பது நீந்தும் உயிரிரைதான்.

ஆனால் என் முழு நம்பிக்கையும் கல்லுமக்காய் என்ற இரட்டை ஓட்டுச் சிப்பியின் மேல் இருந்தது. நீலகிரிக்குக் கடல் எட்டாத தூரம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், கூடலூர் வழியாக மலபார் மீன் இங்கே ஏறிவந்துகொண்டேதான் இருக்கிறது. மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கும் இக்காவிடம் சொல்லிவைத்தேன். "சமையலுக்கா சாரே, எத்தனை கிலோ?" என்றார். மீனுக்கு என்றதும், ஓடு இறுக மூடியதாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தர ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கென்று தனிக் கூடை. வாங்கியதும் கழுவி, ஒரு வாரமாவது ஃப்ரீசரில் உறையவைத்த பிறகே எடுப்பேன். கூட வரக்கூடிய ஒட்டுண்ணிகளுக்காக அந்த ஏற்பாடு.

மீன் தேடும்போது ராமேஸ்வரத்து நண்பர் ஒருவர், "எதுக்குண்ணே வெளிநாட்டு மீனு? நம்ம மன்னார் வளைகுடாவுலயே எட்டுப் பட்டைப் பட்டாம்பூச்சி மீனு இருக்கே?" என்றார். பார்க்க அழகுதான். அது பவளப் பாலிப்களையே தின்று வாழும் இனம், தொட்டியில் பட்டினிதான் கிடக்கும். அப்படிப்பட்ட மீனை யாரும் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காப்பர்பேண்டின் இரை புழுக்களும் சிறு இறால் வகைகளும் என்பதால்தான் அதற்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது.

சென்னை கொளத்தூரில் எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணனிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். இந்தோனேசியாவிலிருந்து சரக்கு வந்ததும் கூப்பிட்டார். உடனே போகவில்லை, இரண்டு வாரமாவது உங்கள் தொட்டியிலேயே நிற்கட்டும், அதற்கும் சேர்த்துப் பணம் தருகிறேன் என்றேன். மயக்குவதற்காகச் சயனைடு தெளித்துப் பிடிக்கப்பட்ட மீன் பார்வைக்கு நன்றாக இருந்தே பிறகு சாகும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காத்திருப்பது மட்டுமே கொஞ்சம் காப்பாற்றும். தை கடைசியில், அது ஆர்ட்டீமியா கொத்தும் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நேரில் போய்ப் பார்த்தேன். நாலரை அங்குலம் இருக்கும். கண்ணுக்கு மேலே, தலையின் பின்பக்கத்தில் சதை குழிந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பட்டினியின் அடையாளம் வயிற்றில் தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும். இதற்குக் குழியவில்லை. மூக்கு நுனியில் சிவப்பும் இல்லை, மூச்சு சீராக இருந்தது.

"பையில ஆக்ஸிஜனை முக்கால்வாசி மட்டும் அடிங்கண்ணே" என்றேன். கடலோரத்தில் கட்டிய பையின் காற்று குன்னூர் உயரத்தில் நாலில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். இறுகக் கட்டிய பை மலை ஏறும்போது முடிச்சிலோ மூலையிலோ விட்டுவிடலாம். மீனுக்கே இந்த ஏற்றத்தால் ஆபத்து உண்டா என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அழுத்த மாற்றம் கடலில் இரண்டு மீட்டர் மேலே வருவதற்குச் சமம், அவ்வளவுதான். நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு முழுக்கத் தெர்மோகோல் பெட்டி என் காலடியில் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கார். பதினான்கு கொண்டை ஊசி வளைவும் முடிந்து வீட்டில் பெட்டியைத் திறந்தபோது, தளர்வாக வந்த பை விம்மி நின்றது. முடிச்சு பத்திரம்.

பை திறந்ததும் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பதை நான் செய்யவில்லை. நீண்ட பயணத்தில் பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்-ஐ இறக்கி வைத்திருப்பதால் அது பெரிய விஷமாக இருக்காது. பை திறந்து வாயு வெளியேறியதும் பிஎச் ஏறும், அம்மோனியாவும் விஷமாக மாறும். அதனால் புது மீனைத் தனியாக வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியின் உப்பை முந்தைய நாளே கடைத் தண்ணீரின் ஒப்படர்த்தியான 1.021-க்குச் சமமாக வைத்திருந்தேன். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் மாற்றினேன். 1.025-க்குப் பிறகு சில நாட்களில் மெல்ல ஏற்றினேன்.

மாசி முழுக்கத் தனிமைத் தொட்டிதான். பிவிசி குழாய்த் துண்டுகள், புழு நிறைந்த ஒரு கல், மங்கலான விளக்கு. இந்த மீனுக்குச் செம்பு மருந்து ஒத்துவராது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதால் அதைத் தொடவில்லை. செவுள் ஒட்டுண்ணிக்குப் பிராசிகுவான்டல் என்ற மருந்து மட்டும் கொடுத்தேன். வந்த அன்று குழாய்க்குள்ளேயே நின்றது. மறுநாள் கல்லைச் சுற்றி மேய்ந்தது, வளர்ந்த ஆர்ட்டீமியாவை விட்டதும் துரத்திப் பிடித்தது. உறைந்த மைசிஸை (இறால் போன்ற சிறு உயிரி) மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்ட்டீமியாவையே நம்பி இந்த மீனை வளர்க்க முடியாது, அதில் சத்துப் போதாது.

அப்போதுதான் கல்லுமக்காயை எடுத்தேன். ஓட்டைப் பிளந்து, சதையைக் கத்தியால் லேசாகக் கீறி, பாதி ஓட்டைக் கல் இடுக்கில் செருகி வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு மறு கண்ணால். ஒரு கொத்து. அம்மாவும் நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த சில நிமிடங்களில் அந்த மூக்கு ஓட்டின் ஓரத்தில் ஒட்டிய நார் வரைக்கும் போய் வழித்துவிட்டது. "மூக்கன் சாப்பிட்டாண்டா" என்று அம்மா சொன்னார். பெயரும் அதுவே நிலைத்துவிட்டது.

மைசிஸுக்குப் பழக்கியதும் அதே ஓட்டில்தான். முதலில் கல்லுமக்காய்ச் சதையை அரிந்து காலி ஓட்டில் அப்பி வைத்தேன். பிறகு அதில் கொஞ்சம் மைசிஸ் கலந்தேன், பிறகு பாதிக்குப் பாதி. ஓடு என்றால் இரை என்று அதற்குப் பதிந்துவிட்டதால் உள்ளே இருப்பதையும் ஏற்றுக்கொண்டது. பங்குனியில் தண்ணீரில் மிதக்கும் மைசிஸையும் பிடிக்க ஆரம்பித்தது. ஓட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, தண்ணீர் கெடும்.

பெரிய தொட்டியில் நேராக விடவில்லை. வலைப் பெட்டியில் சில நாள் மிதக்கவிட்டு, ஏற்கெனவே அங்கிருந்த க்ளவுன் மீன் ஜோடி அதைப் பார்த்துப் பழகிய பிறகு, விளக்கு அணைந்ததும் திறந்துவிட்டேன். அந்த க்ளவுன்கள் பண்ணையில் பொரித்தவை. மண்டபத்தில் உள்ள சி.எம்.எஃப்.ஆர்.ஐ. (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) மையமே க்ளவுன் மீன்களைப் பொரித்துக் காட்டியிருக்கிறது. பட்டாம்பூச்சி மீனின் குஞ்சுகள் தலையில் எலும்புத் தகடுகளோடு நீண்ட காலம் திறந்த கடலில் மிதந்து வளர்பவை. அந்தப் பருவத்தைத் தொட்டியில் கடத்துவது மிகக் கடினம். ஆகவே கடைக்கு வரும் மூக்கன்கள் பெரும்பாலும் கடலில் பிடிபட்டவை. அதை நினைக்கும்போதெல்லாம் இந்த ஒன்றை நன்றாக வாழவைக்க வேண்டும் என்ற பொறுப்பு கூடுகிறது.

இப்போது ஆனி. விசிறிப் புழுக்கள் எதிர்பார்த்தபடி காலி. ஜோவாக்களைத் தொடவில்லை. பின்கல்லில் இருந்த ஐப்டேசியாக்களில் (தொட்டியில் களைபோல் பரவும் கடல் சாமந்திகள்) சின்னவை காணாமல் போயிருக்கின்றன, பெரியவை அப்படியே. ஐப்டேசியாவை ஒழிப்பதற்காக இந்த மீனை வாங்க நினைப்பவர்கள், அவற்றைத் தின்னும் பெப்பர்மின்ட் இறாலை முயன்று பார்க்கலாம். தினம் நாலு வேளை இரை, மதிய வேளை அம்மாவின் பொறுப்பு. தலையின் பின்பக்கம் இப்போது மேடாகவே இருக்கிறது.

மழை இறங்கிவிட்டால் மரம் விழுந்து கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஓடும், ஹீட்டர் ஓடாது. தொட்டியைச் சுற்றிக் கட்டத் தெர்மோகோல் பலகைகளை வெட்டி வைத்தாயிற்று. ஆடி முடியும் வரை கல்லுமக்காய் வரத்து குறையும் என்று இக்கா சொல்லியிருக்கிறார். இந்த வாரமே இரண்டு கிலோ வாங்கி ஃப்ரீசரை நிரப்ப வேண்டும். கோத்தகிரி நண்பர் தனக்கும் ஒரு காப்பர்பேண்ட் சொல்லச் சொன்னார். அவருடையது மூன்றடித் தொட்டி. பெரிய தொட்டி போடுங்கள், அதற்குள் கோபிபாடும் பெருகட்டும், தையில் சேர்ந்தே கொளத்தூர் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.