பேட்ச் எண் நகரவில்லை

2023 ஆகஸ்ட் 6

நிரலாளர்கள் எழுதப் பயன்படுத்தும் விம் என்ற உரைத் திருத்தியை உருவாக்கிப் பராமரித்துவந்த பிராம் மோலெனார் போய்விட்டார். 3-ஆம் தேதியே. குடும்பத்தார் நேற்றுதான் எழுதியிருக்கிறார்கள். கடந்த சில வாரங்களில் உடல்நிலை மளமளவென்று மோசமாகிவிட்டதாம். வயது 62.

இன்று வேறெதுவும் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 7

ஜூலையில் அவருக்கு அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். திருத்திய சின்டாக்ஸ் கோப்பு (நிரலின் சொற்களுக்கு வண்ணமிடும் விதிகள்), கீழே இரண்டு வரி விளக்கம். பதில் வரவில்லையே, எங்காவது வெளியூர் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

விம் நிரலில் வெர்ஷன்.சி என்று ஒரு கோப்பு. அதில் பேட்ச் எண்களின், அதாவது சிறு திருத்தங்களின் எண்களின், நீண்ட வரிசை, புதியது மேலே. அதற்கும் மேலே ஒரு குறிப்பு: புதிய எண்ணை இந்த வரிக்குக் கீழே சேர்க்கவும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண், ஒரு 'சிக்கல்', ஒரு 'தீர்வு'. 9.0 பதிப்பு வந்து ஓராண்டுக்குள் 1600-ஐத் தாண்டிவிட்ட வரிசை அப்படியே நிற்கிறது.

ஆகஸ்ட் 8

மணிக்கட்டில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. தட்டச்சு கூடாது, படிக்கலாம். ஆகவே கமிட் வரலாறு, அதாவது நிரலில் சேர்ந்த மாற்றங்களின் பதிவு, முழுவதையும் கீழிருந்து படிக்கத் தொடங்கினேன்.

வரலாறு 2004 ஜூனில்தான் ஆரம்பிக்கிறது, 7.0-க்கான வேலையோடு. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் அங்கே இல்லை. தன் அமிகா கணினிக்கு வீஐ என்ற பழைய திருத்தி நல்லதாகக் கிடைக்காமல், அதைப்போல டிம் தாம்ப்சன் அட்டாரி கணினிக்கு எழுதிய ஸ்டீவியை பிராம் கையில் எடுத்தது 1988. 1991-இல் 1.14, அமிகாவுக்கான மென்பொருள்களைத் தொகுத்த ஃப்ரெட் ஃபிஷ் வட்டுகளில் 591-ஆவதில். மறு ஆண்டே யூனிக்ஸுக்குப் போனது. 1994-இல் பல சாளரங்கள், 1998-இல் வண்ணமிட்ட சின்டாக்ஸ். கமிட்டாக இதில் ஒன்றும் பதிவாகவில்லை, உதவிப் பக்கங்களில்தான் இருக்கிறது.

2004-க்குப் பிறகு பெரும்பாலும் எழுதியவர் பெயர் ஒன்றே. பிராம், பிராம், பிராம். மற்றவர்கள் அனுப்பியதை அவரே சரிபார்த்து, பெரும்பாலும் தன் பாணிக்கு மாற்றி, தன் கையால் சேர்ப்பார். அனுப்பியவர் பெயர் தீர்வு வரியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் வரும். அந்த அடைப்புக்குறிகளை மட்டும் படித்துக்கொண்டு போனால் இன்னொரு வரலாறு கிடைக்கிறது. இந்த ஏற்பாடு சரியா என்று பலர் கேட்டதுண்டு, நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் முப்பது ஆண்டு நிரல் ஒரே குரலில் பேசுவதற்குக் காரணமும் அதுதான். ஒவ்வொரு ஃபங்ஷனிலும் அது திருப்பித் தரும் மதிப்பின் வகை தனி வரியில், நான்கு இடம் தள்ளி நிற்கும். பெயர் அடுத்த வரியில், ஓரத்தை ஒட்டி. யார் அனுப்பிய ஃபங்ஷனாக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 8, இரவு

எண் நகரவில்லை.

ஆகஸ்ட் 9

வெறுமனே விம்மைத் திறந்து வைத்திருந்தேன். கோப்பில்லாமல் திறந்தால் வரும் அந்த முகப்பு. உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வரி. எத்தனையோ ஆண்டுகளாகக் கண்ணில் பட்டும் மனசில் பதியாமல் போன வரி. 1994-இல் அங்குள்ள கிபாலேயில் ஓராண்டு குடிநீர், கழிவுநீர் வேலை பார்த்துவிட்டு வந்த பிராம், அந்தக் குழந்தைகளுக்காக ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். விம்முக்கு விலை கிடையாது, பிடித்திருந்தால் அங்கே கொடுங்கள் என்றார். நன்கொடை தந்தவர்கள் அடுத்து எந்த வசதி வேண்டும் என்று வாக்களிக்க முடிந்தது, பணம் குழந்தைகளுக்குப் போனது.

அந்த வரியை யாரும் எடுத்துவிடக் கூடாது. இதை எங்கே போய்ச் சொல்வது?

ஆகஸ்ட் 10

வலி. விம்மில் அடிக்கடி அழுத்த வேண்டிய, விசைப்பலகை மூலையில் இருக்கிற எஸ்கேப்புக்குச் சுண்டுவிரல் எட்டும்போது கையே முறுக்கிக்கொள்கிறது. 1976-இல் பில் ஜாய் வீஐ எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எஸ்கேப் இருந்தது இன்றைய டேப் விசையின் இடத்தில். கர்சரை நகர்த்தும் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சடித்திருக்கும். கை நகரவே வேண்டியதில்லை. விசைகள் இடம் மாறிவிட்டன, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிவிட்டேன். இடது கையால் இவ்வளவுதான் முடிந்தது.

நியோவிம் பக்கம் போய்விடு என்று நண்பர் சொல்கிறார். 2014-இல் தியாகோ டி அருடா விம்மின் நிரலிலிருந்து தனியாகப் பிரித்துக்கொண்டு போனது. பின்னணியில் வேலை ஓட்டும் வசதிக்கு அவர் அனுப்பிய பேட்ச் சேராததுதான் தொடக்கம். 2016-இல் விம் 8.0 அதே தேவைக்குத் தன் வழியில் வசதி செய்தது. பிரிவு நல்லதையே செய்தது என்பேன். பிரிந்த பிறகும் விம்மின் பேட்சுகளை எண்ணோடு குறித்து எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் இங்கே எண் நின்றால் அங்கேயும் ஒரு ஊற்று அடைபடும் அல்லவா? நண்பர் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

எண் நகர்ந்துவிட்டது! கிறிஸ்டியன் பிராபாண்ட் எடுத்துச் செய்கிறார். பல ஆண்டுகளாக பேட்ச் அனுப்பியும் மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியும் வந்தவர். தேங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. அதே சிக்கல், அதே தீர்வு, அதே வரிசை.

நான் படித்த பழைய கமிட்களிலிருந்து ஒன்று மட்டும் வேறு. எழுதியவர் என்ற இடத்தில் எழுதியவருடைய பெயரே இருக்கிறது. அடைப்புக்குறியிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பார்த்ததும் சந்தோஷம். கொஞ்ச நேரத்திலேயே தொண்டை அடைத்தது. ஏன் என்று யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 13

தூக்கமில்லை. ஒருவர் போனால் நின்றுவிடக்கூடிய கருவிகள் இன்னும் எத்தனை? நான் தினமும் தொடுகிற மென்பொருள்களில் எதை யார் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தேன். பாதிக்குமேல் ஒரே ஒரு பெயர். இதில் பிராமின் திறமையை மட்டும் பேசுவது போதாது. அவர் இருந்தபோதே இன்னொருவரிடமும் ரெப்போவின், அதாவது நிரல் களஞ்சியத்தின், சாவி இருந்தது. அதுதான் இன்று காப்பாற்றியிருக்கிறது. மற்ற பெயர்களுக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா?

ஆகஸ்ட் 14

கட்டு அவிழ்த்தார்கள். வீக்கம் இருக்கிறது.

ஆகஸ்ட் 21

சின்டாக்ஸ் கோப்பை மறுபடி அனுப்பினேன், இம்முறை விம் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில். முன்பெல்லாம் பிராம் இத்தகைய கோப்புகளை மெயிலில் வாங்கிச் சேர்த்துவைத்து, ரன்டைம் கோப்புகள் புதுப்பிப்பு என்று மொத்தமாக ஒரே கமிட்டில் போடுவார். இப்போது ஒவ்வொன்றும் தனியாகப் போகிறது.

உதவியில் நன்றிப் பட்டியலைப் படித்தேன். யூனிக்ஸுக்குக் கொண்டுபோன யூர்கன் வைகெர்ட், கட்டளை வரியில் சொல் நிரப்பலையும் வரைகலை வடிவத்தையும் தந்த ராபர்ட் வெப், தேடலுக்கு உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் சீராக்கிய ஓலாஃப் சைபர்ட். இவர்கள் கைவண்ணத்தை நான் இன்று காலையில்கூட உபயோகித்தேன்.

ஆகஸ்ட் 24

சேர்த்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3

பழைய மெயில்களில் பிராமின் கையெழுத்தின் கீழே ஒரு வேடிக்கை வரி இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு. இன்று அவற்றை மட்டும் தனிக் கோப்பில் சேர்த்தேன். சேர்த்து முடிக்கவில்லை.

2024 ஜனவரி 3

நேற்று 9.1 வெளியானது. பிராமுக்கே அர்ப்பணித்திருக்கிறார்கள். விம்முக்குள்ளேயே எழுதும் புதிய நிரல்மொழியான விம்9 ஸ்கிரிப்டில் அவர் பாதியில் விட்ட கிளாஸ் வசதியை மற்றவர்கள் சேர்ந்து முடித்திருக்கிறார்கள். கம்பைல் செய்து திறந்தேன். உகாண்டா வரி இருக்கிறது.

ஜனவரி 9

முன்பின் தெரியாத ஒருவர் என் சின்டாக்ஸ் கோப்புக்குத் திருத்தம் அனுப்பியிருக்கிறார். மேற்கோளுக்குள் வரும் பின்சாய்வுக் கோட்டை நான் கையாண்ட விதம் போதாது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதிரிக் கோப்பு கேட்டு எழுதினேன். வந்ததும் பார்க்க வேண்டும்.