மெய்டன் காசிலும் வீலர் சொன்ன கதையும்

கோட்டை என்றதும் கருங்கல் மதிலைக் கற்பனை செய்துகொண்டு போனால் மெய்டன் காசில் ஏமாற்றிவிடும். இங்கிலாந்தின் டார்செட்டில், டார்செஸ்டர் ஊரை ஒட்டிய குன்று அது. புல் மூடிய மண் கரைகள், நடுநடுவே ஆழமான அகழிகள், மேய்கிற ஆடுகள், அவ்வளவுதான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், வரிசை வரிசையாகக் கரைகள் குன்றையே சுற்றி வளைத்திருக்கும், வாசல் பக்கம் வந்தால் நேராக உள்ளே ஓட முடியாதபடி பாதை வளைந்து வளைந்து போகும். கிழக்கு வாசலருகே ஒரு குழியில் 20,000-க்கும் மேற்பட்ட கவண்கற்கள் கிடைத்தன, எல்லாம் செசில் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்கள்.

கி.மு. 600 வாக்கில் சின்னதாகத் தொடங்கி, பிறகு சுமார் 19 ஹெக்டேர் வரை வளர்ந்த இரும்புக்காலக் கோட்டை இது. அதற்கும் முன்னால், புதிய கற்காலத்திலேயே இங்கே மண் அரண் போட்டிருக்கிறார்கள். அப்புறம் 546 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேடு வேறு. எதற்கு அவ்வளவு நீளம் என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் ஊரெல்லாம் பேசியது வேறு கதை. 1934 முதல் 1937 வரை தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் (பாதியில், 1936-ல், டெஸ்ஸா இறந்துவிட்டார்) இங்கே தோண்டியபோது கிழக்கு வாசலில் வெட்டுக்காயங்களோடு எலும்புக்கூடுகள் கிடைத்தன, ஒருவரின் முதுகெலும்பில் இரும்பு முனை குத்தியபடியே இருந்தது. வீலருக்கு இது போதாதா? கி.பி. 43-ல் ரோமானியர் படையெடுத்தபோது, பின்னாளில் பேரரசரான வெஸ்பாசியனின் படை இந்தக் கோட்டையைச் சூறையாடியதென்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்து எழுதினார். வெஸ்பாசியன் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்களைப் பிடித்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார், சரி, ஆனால் அதில் இந்தக் குன்றின் பெயர் இல்லை.

1985, 86-ல் நடந்த அகழாய்வுக்குப் பிறகு கதை ஆட்டம் கண்டது. செத்தவர்களை அவசரமாகப் புதைக்கவில்லை, பானைகளும் இறைச்சியும் வைத்து முறையாக அடக்கம் செய்திருக்கிறார்கள். 2025-ல் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட கார்பன் காலக்கணிப்பு இன்னும் தெளிவு: இந்தச் சாவுகள் ஒரே நாளில் நடந்தவை அல்ல, கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சில தலைமுறைகளாக விட்டு விட்டு நடந்தவை. அதாவது, ரோமானியர் வருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டதாகத்தான் தெரிகிறது. எனக்கு வீலரின் வீரக்கதையைவிட இதுதான் நம்பும்படி இருக்கிறது.

இன்று இது பாதுகாக்கப்பட்ட சின்னம், அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியோடு போனால் குற்றம். நடந்து சுற்றிப் பார்க்கத் தடையில்லை, கட்டணமும் இல்லை. மேலே ஏறினால் கல் கட்டுமானம் என்று முக்கியமாகக் கண்ணில் படுவது ஒரு சிறு கோயிலின் அடித்தளம். கோட்டையைக் கைவிட்டு எத்தனையோ தலைமுறைகள் கழித்து, நான்காம் நூற்றாண்டில், ரோமானியர் காலத்தில் கட்டியது அது.