கொடுமுடித் தீர்த்தம் பழனி போய்ச் சேரும் வழி

பங்குனி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் பாதிச் சனம் காவிரிக் கரையில், கொடுமுடியில்தான் நிற்கும். பிள்ளைக்கு உடம்பு தேறினால் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்தவர்கள் வருவார்கள், அப்பா எடுத்த காவடி தன்னோடு நின்றுவிடக் கூடாதென்று சிலர் வருவார்கள், காரணமே சொல்லத் தெரியாமலும் வருவார்கள். வெயில் ஏறுகிற காலத்தில் பழனி மலைமேல் கோவணத்தோடு நிற்கிற முருகனைக் குளிர்விக்கக் காவிரித் தண்ணீர் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தோளில் போகிறது. முதல் தடவை எடுப்பவர்கள் கால் தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். கால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். காவடித் தண்டின் இரண்டு பக்கமும் தொங்கும் தீர்த்தக் கலசத்தைக் கவனியுங்கள்.

செம்போ பித்தளையோ, எதுவானாலும் புளி போட்டுத் தேய்த்து, கழுவி, ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். காலையில் அடியில் ஈரம் தெரிந்தால் ஈயம் வைத்த இடம் விட்டிருக்கிறது, வேறு கலசம் பாருங்கள். திருவிழாக் கடையில் வாங்கும் மெல்லிய தகட்டுக் கலசங்களில் பலது இந்தச் சோதனையில் தேறாது. ஒன்று, ஒன்றரை லிட்டர் பிடித்தால் போதும். இரண்டு பக்கமும் சேர்ந்து மூன்று லிட்டர், அதன்மேல் தண்டு, வளைவு, மயில் பீலி, தேங்காய், மாலை. முதல் மைலில் இதெல்லாம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

மேட்டூரில் டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரை ஜனவரி 28-ம் தேதியோடு நிறுத்துவது வழக்கம். அதனால் பங்குனியில் கொடுமுடிக்கு வரும் காவிரி மெலிந்திருக்கும். பாறைகளுக்கு நடுவே ஓடுவதுதான் நல்ல தண்ணீர். படித்துறை ஓரம் தேங்கி நிற்பதில் பரிகாரம் செய்தவர்கள் விட்ட துணியும், ஷாம்பு பாக்கெட்டும், வாடிய மாலையும் மிதக்கும். முருகனுக்குக் கொண்டுபோகிற தண்ணீரை அங்கேயே மொண்டுகொள்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விடியும் முன்னே குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ஓட்டம் உள்ள இடம் வரை போய், கலசத்தின் வாயைத் தண்ணீர் வரும் திசைக்குக் காட்டி முக்குங்கள். பாறை வழுக்கும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. முதல் முறை நிரப்பியதை ஆற்றிலேயே விட்டுவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும்.

நிரப்பும்போது கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விடுங்கள். தீர்த்தம் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடம்தான். விளிம்பு வரை நிரப்பினால் வாயில் கட்டிய மஞ்சள் துணி தண்ணீரைத் தொடும். தொட்டால் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல இழுத்து வெளியே சொட்டவிடும். யாரும் கொட்டவில்லை, கலசமும் ஓட்டை இல்லை, ஆனாலும் வழியில் தாராபுரம் தாண்டும்போது ஒரு பக்கம் கால்வாசி காணாமல் போயிருக்கும். தண்ணீர் போனது ஒரு கவலை, தண்டு சாய்வது இன்னொரு கவலை. சாய்ந்த காவடி தோளில் ஓரிடத்திலேயே அழுத்திப் புண்ணாக்கிவிடும்.

மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் சேவித்துவிட்டுப் பிரம்மா இருக்கும் வன்னி மரத்தடிக்கு வாருங்கள். அந்த வன்னியின் இலை விழுந்த தீர்த்தம் எத்தனை நாளானாலும் கெடாது என்பது பழனிக்குப் போகிற அத்தனை பேரும் நம்புவது. கலசத்துக்கு ஒரு சிறு கொத்து போதும். மரத்தில் கை வைத்து ஒடிக்காதீர்கள், கோயிலில் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் ஆளுக்கொரு கிளை ஒடித்தால் அந்தப் பழைய மரம் என்னத்துக்கு ஆகும்? இலை போட்டபின் வாழையிலைத் துண்டு ஒன்றை வாயில் பொருத்தி, மேலே மூடி, அதற்கு மேல் துணி, பிறகு நூல். நூலை நனைத்துக் கழுத்தில் நெருக்கிச் சுற்றினால் நழுவாது. முடிச்சைத் தெரிந்த ஒருவரே எல்லாக் கலசத்துக்கும் போட்டால் நல்லது. பெரும்பாலும் கூட்டத்தை நடத்திப்போகிற குருசாமிதான் போடுவார்.

கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் இது. ஊர் எல்லை தாண்டும் வரை ஏதாவது ஒரு மைக்கில் அந்தக் குரல் முருகனை அழைத்துக்கொண்டே இருக்கும். பம்பையும் உடுக்கையும் அதோடு சேர்ந்து வரும். ஆடத் தோன்றும், ஆடலாம். ஆனால் ஆட்டத்தையெல்லாம் இங்கேயே தீர்த்துவிடாதீர்கள்.

முத்தூர், வெள்ளகோவில் வரை வழி சுலபம். வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவில்தான் சோதனை. மேட்டாங்காடும், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும், கிளுவை வேலியும் வெள்வேல மரமுமாக ஒரே வெட்டவெளி. வெள்வேலம் முள் சாலையோர மண்ணில் கிடக்கும். தார் சுடுகிறதென்று மண்ணில் இறங்கினால் முள், முள்ளுக்குப் பயந்து தாருக்கு வந்தால் சூடு. அனுபவப்பட்டவர்கள் தாரின் ஓரத்தில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பார்கள். ஒரு சாண் அகலம்கூட இராது, ஆனால் வெள்ளைப் பெயின்ட் தார் அளவுக்குச் சுடாது. அதில் ஒருவர் பின் ஒருவராக அடிவைத்துப் போகிற காவடி வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால் எறும்புச் சாரைதான். ஆனாலும் பத்து மணிக்கு மேல் நடப்பது வீம்பு. அதிகாலை மூன்றுக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழல் பிடியுங்கள். மறுபடி வெயில் தாழ்ந்து நான்கரைக்கு. இரவில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது பக்கமாக நடக்க வேண்டும். காவடியின் பின்புறமும் முன்புறமும் ஒளிரும் பட்டை ஒட்டினால் அழகு கெடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். உயிரைவிட அழகா?

மடிசஞ்சியில் முள்வாங்கி, ஊசி, தேங்காயெண்ணெய், மஞ்சள் தூள், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். தொடை உரசும் இடத்தில் நடக்கும் முன்னேயே எண்ணெய் தடவுங்கள், உரசிப் புண்ணான பிறகு தடவி என்ன பயன்? கொப்புளத்தை உடைத்துத் தோலை உரிக்காதீர்கள். ஊசியைத் தீயில் காட்டி ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றினால் அந்தத் தோலே மூடியாக இருந்து காக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் அதுவும் செய்ய வேண்டாம், மருத்துவ முகாமில் காட்டுங்கள். வழியெங்கும் மோர், பானகம், தர்பூசணி, தக்காளிச் சோறு. கொடுக்கிறவர்கள் மகராசர்கள். ஆனால் கொடுத்ததையெல்லாம் தின்றால் வயிறு காவடியைவிடப் பாரமாகிவிடும். குடித்த டம்ளரைத் தோட்டத்துக்காரர் வேலிக்குள் எறியாதீர்கள், நாளை அதை அவர் மாடு தின்னும்.

காவடியை வெறுந்தரையில் வைப்பதில்லை. துணி விரித்தோ, மரச்சட்டத்தில் சார்த்தியோ வரிசையாக வைத்து, விளக்கேற்றி, ஒருவர் முறை போட்டுக் காவல் இருப்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறாத வழக்கம். தூக்கும்போது இரண்டு கலசத்தையும் கையால் ஏந்திப் பாருங்கள், கனம் சமமா என்று அப்போதே தெரிந்துவிடும். தோள் மாற்றுவதைப் பிடரி வழியாகவே செய்ய வேண்டும்.

தாராபுரத்தில் அமராவதியில் தண்ணீர் இருந்தால் யோகம். காலை நனைத்துவிட்டு அலங்கியம் தாண்டினால் பிறகு மலைதான் இழுக்கும். எத்தனை தூரத்தில் தெரிகிறது என்று யாரும் அளப்பதில்லை. தெரிந்த கணத்தில் "அரோகரா" என்று ஒருவர் கத்துவார், நொண்டிக்கொண்டிருந்தவரெல்லாம் நிமிர்ந்துவிடுவார்.

ஊருக்குள் நுழைந்தால் வேறு உலகம். "சாமி, செருப்பை இங்கே விடுங்க, காசு வேண்டாம்" என்பார்கள். வெறுங்காலோடு வருகிறவனிடமும் அதையே சொல்வார்கள். இலவசம் என்று நுழைந்தால் அர்ச்சனைத் தட்டு தலையில் விழும். சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று தோளைத் தொடுகிறவனிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம். முடி இறக்கக் கட்டணமில்லை, கத்திக்காரர் கேட்கும் தொகைக்கு ரசீதும் இல்லை. செல்போனைக் கீழேயே வைத்துவிடுங்கள், 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் அனுமதி கிடையாது. சண்முக நதியில் குளித்து, முதல் காவடி தூக்கிய இடும்பனுக்குப் பூசை போடாமல் காவடி மலையேறக் கூடாது. 693 படி. காவடியோடு சரிவாக ஏறும் யானைப்பாதைதான் வசதி, ஆனால் கூட்ட நாளில் எது ஏற, எது இறங்க என்பதைப் போலீஸ்தான் முடிவு செய்யும்.

மேலே கலசத்தின் நூலை அவிழ்க்கும்போது விரல் நடுங்கும். ஈரமாக நெருக்கிய முடிச்சு கல்லாகியிருக்கும், பல்லால் கடிக்க முடியாது, கத்தியும் வைக்க மனம் வராது. பொறுமையாக நெம்பி, துணியை எடுத்து, வாடிய வாழையிலையை நீக்கினால் உள்ளே வன்னி இலை பச்சை குறையாமல் மிதக்கும். முகர்ந்தால் செம்பின் வாசம், ஆற்றின் வாசம். அந்தத் தண்ணீரைச் செலுத்திவிட்டால் அது எந்த வேளை அபிஷேகத்தில் சேர்கிறது என்று நின்று பார்க்கவெல்லாம் வழியில்லை. "நகருங்க, நகருங்க" என்ற குரலுக்கு நடுவே சில நொடிகள்தான். கண்ணை மூடிவிடாதீர்கள். தண்டம், இடுப்பில் வைத்த கை, மேற்கே பார்த்த அந்த மெலிந்த முகம். என்ன கேட்க வந்தோமோ அது நினைவுக்கே வராது. பிள்ளைக்குச் சுகம் கொடுத்தவனே, காலைத் தாங்கியவனே, வண்டி வாகனத்துக்கு நடுவே இத்தனை பேரை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றிவிட்டவனே, ஆண்டவனே, தண்டாயுதபாணி, உனக்கு நாங்கள் கொண்டுவந்தது மூன்று லிட்டர் தண்ணீர், நீ கொடுத்ததை எந்தக் கலசத்தில் பிடிப்பது? வேட்டியெல்லாம் தூசி, தோளில் தண்டு பதிந்த தழும்பு, அழுகிறவர் யார் சிரிக்கிறவர் யார் என்று தெரியாத கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே பேர். அடுத்த பங்குனிக்கும் தோளைக் கொடு சாமி. அரோகரா!