மைக் நீலமானால்

ஆச்சி கேட்டது இவ்வளவுதான். "ஏத்தா, இந்த மைக்குப் படம் நேத்து சாம்பலா இருந்துச்சு, இப்ப நீலமா இருக்கே. போன் கெட்டுப்போச்சா?"

"இல்ல ஆச்சி, நீங்க பேசி அனுப்புனத அண்ணன் கேட்டுட்டாங்க. கேட்டா நீலமாயிரும்."

"எப்பக் கேட்டான்?"

வாட்ஸ்அப்பில் அந்த வாய்ஸ் மெசேஜை அழுத்திப் பிடித்து, கேட்ட நேரத்தைத் திறந்து காட்டினேன். காலை 5.12. ஆச்சியின் மகன் இருக்கும் சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே 7.42. ஆச்சி திரையை மேலே தள்ளிப் பழைய மெசேஜ்களைப் பார்த்தார். எல்லாம் நீலம், எதற்குக் கீழும் பதில் இல்லை. போனை உறைக்குள் போட்டு, உறையின் பட்டனையும் அழுத்தி மூடிவிட்டு, "சரி, நீ போயி அடுத்த ஆளப் பாரு" என்றார்.

அதுவரை ஆச்சி டவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். காரைக்குடிப் பக்கம் டவர் சரியில்லை, போய்ச் சேர்ந்திருக்காது என்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். கேள்வி கேட்டார், உள்ளதைச் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? போன் கெட்டுவிட்டது என்றா? ஆனால் நீலத்துக்கு அர்த்தம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நேரத்தையும் திறந்து காட்டியிருக்க வேண்டுமா என்று கேட்டால், அவரேதான் "எப்ப" என்று கேட்டார் என்பேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

பிசிஏ முடித்து இந்த முதியோர் ஹோமில் சேர்ந்தபோது, பட்டன் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றுதான் நினைத்தேன். அதுவும் பெரிய வேலைதான். வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருப்பதால் திரை சில நேரம் தொடுவதையே உணராது. உணரவில்லை என்று அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள், உடனே வேறு எதுவோ திறந்துகொள்ளும். செட்டிங்ஸில் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தால் பாதித் தொல்லை தீரும். நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று. ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு, 2021-இல் முகத்தைக் காட்டிப் பதியும் முறை வந்தது பெரிய நிம்மதி. வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி எடுத்துவிடலாம். இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது. நீல மைக்குக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை.

மேனேஜர் அக்காவிடம் சொன்னேன். "அந்த ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணி விட்டுரு. தெரியாம இருந்தா நிம்மதியா இருப்பாங்க" என்றார். ப்ளூ டிக்கை நிறுத்தலாம், நிறுத்தினால் அடுத்தவர் படித்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும் நீலமாவதை நிறுத்த வாட்ஸ்அப்பில் வழியே கிடையாது. இதை அக்காவிடம் விளக்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. வழி இருந்திருந்தால் ஆச்சியைக் கேட்காமல் செய்திருப்பேனா? மாட்டேன் என்றுதான் சொல்ல வருகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சில நாள் கழித்து ஆச்சி அவராகவே பேச்செடுத்தார். கல்யாணமான புதுசில் அவர் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தாராம். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த காலம். "கடுதாசி போட்டா, படிச்சாகளா படிக்கலையான்னு யாருக்குத் தெரியும்? பதில் வரலைன்னா கப்பல் வரலைன்னு நெனச்சுக்குவோம்." குறைப்பட்டுச் சொல்லவில்லை, சும்மா நடந்ததைச் சொன்னார். இந்தப் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் நாளை ஓட்டியிருக்கிறார்கள். ஆச்சிக்கு மிச்சமிருந்த அந்த ஒன்றையும் நான்தான் எடுத்துவிட்டேனோ என்று அன்று ராத்திரி தோன்றியது. மறுநாள் காலையில், இல்லை, மகன் கேட்கிறான் என்று தெரிவதும் ஒரு சொத்துதானே என்று தோன்றியது. இப்படித்தான் மாறி மாறி.

அப்புறம் மகனே கூப்பிட்டார், மாதக் கட்டணம் சம்பந்தமாக. பேச்சுவாக்கில், "வேலைக்குப் போற ரயில்லதாம்மா ஆத்தா பேசுறதக் கேப்பேன். அந்தக் கூட்டத்துல பதில் பேச முடியாது. ஆபீஸ் போனா அப்படியே போயிருது" என்றார். ஆச்சியிடம் சொல்லச் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அந்த நிமிடம் ஆச்சியின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் நான் செய்தது தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் இப்போது ஆச்சி விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுகிறார், மகன் ரயில் ஏறும் முன்னால் அன்றைக்குப் பேசியது போய்ச் சேர வேண்டும் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, நேற்று ஹோமில் போட்ட கும்மாயத்தில் நெய் போதாததுவரை சொல்கிறார். நைட் டியூட்டி சிஸ்டர், ஆச்சிக்குத் தூக்கம் கெடுகிறது என்கிறார், பகலில் சாப்பிடாமல் அசந்துவிடுகிறார் என்கிறார். அதுவும் உண்மைதான். நான் கேட்டதற்கு ஆச்சி, "அந்தக் காலத்துல மூணு மணிக்கு எந்திரிச்சு வேலை பாத்தவ நான்" என்று முடித்துவிட்டார். மகனிடமிருந்து பதில் எப்போதாவது வருகிறது, வந்தால் ஒரு வரி.

இப்போது பள்ளத்தூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்து சேர்ந்திருக்கிறார். மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக்கொண்டார். மைக் நீலமாகிவிட்டது, பதில் வரவில்லை. அவர் இன்னும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கேட்கவில்லை. மேனேஜர் அக்கா இப்போது, "முதல் நாளே எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துரு, பின்னால தெரிஞ்சா இன்னும் கஷ்டம்" என்கிறார். நான்தான் அவர் கேட்கட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.